தழும்பு தெரிகிறது, தாமதம் தெரிவதில்லை

அணுபுரத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். கல்பாக்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அணு உலைதான் நினைவுக்கு வரும். ஆனால், அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் கருவியையும் உருவாக்கியிருக்கிறார்கள். உலைக்கும் மூளைக்கும் பாலமாக நிற்பது ‘ஸ்குவிட்’ என்னும் உணரி.

ஸ்குவிட் என்பது மீக்கடத்திப் பொருளால் ஆன நுண்ணிய வளையம். திரவ ஹீலியத்தில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில், அது வேலை செய்கிறது. மிக மெல்லிய காந்த மாற்றத்தையும் கண்டுகொள்ளும். எஃகுக்குள் ஒளிந்திருக்கும் குறைகளை அறுக்காமல், உடைக்காமல் கண்டறிய அதைப் பயன்படுத்தினார்கள். இதயத்தின் காந்தப்புலத்தையும் மூளையின் காந்தப்புலத்தையும் பதிவுசெய்ய உதவுவதும் அதே நுட்பம்தான்.

மூளையில் நரம்புச் செல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து இயங்கும்போது நுண்ணிய மின்னோட்டம் பாய்கிறது. மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலமும் இருக்கும். ஆனால் அது நம் ஊரில் பூமிக்குள்ள காந்தப்புலத்தில் ஏறத்தாழ நாற்பது கோடியில் ஒரு பங்குதான். தெருவில் ஒரு லாரி போனாலே அந்தச் சமிக்ஞை அமுங்கிவிடும். அதனால் நிக்கல் - இரும்புக் கலவைத் தகடுகளால் காந்தக் காப்பு அறை கட்டி, அதற்குள் அளக்கிறார்கள். அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் கோஹன் 1968இல் முதன்முதலாகப் பதிவுசெய்த இந்த அளவீட்டுக்குப் பெயர் மேக்னடோஎன்செபலோகிராபி, சுருக்கமாக ‘மெக்’. காதில் ஓர் ஒலி விழுந்து பத்தில் ஒரு நொடி கழித்து மூளைப் புறணியில் எழும் பதிலை அது நேரக் கணக்கோடு காட்டும்.

இந்த நேரக் கணக்கு அதிகம் பொருள்படும் நோய்களில் ஒன்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மருத்துவர்கள் எம்.எஸ். என்பார்கள். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று சொல்வதுண்டு. ஆனால் அது தண்டுவடத்தோடு நிற்பதில்லை, மூளையையும் தாக்குகிறது. மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போல நம் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை இருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த உறையையே பகையென்று எண்ணி அரிக்கிறது. உறை போன இடத்தில் செய்தி தாமதமாகப் போகிறது. சில இடங்களில் நின்றேபோகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது.

கால் தடுமாறுவதும் பார்வை மங்குவதும் வெளியே தெரியும். யோசனை தாமதமாவது தெரியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பிடிபடாது. மளிகைக் கணக்கு பாதியில் அறுந்துபோகும். அடுப்பில் வைத்த பால் மறந்துபோகும். எம்.எஸ். உள்ளவர்களில் 40 முதல் 65 சதவீதம் பேருக்கு இத்தகைய அறிதிறன் குறைபாடு ஏற்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலோருக்கு முதலில் குறைவது புத்திக்கூர்மை அல்ல, தகவலைக் கையாளும் வேகம். பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்துவைத்தார். ஆனாலும் வெகுகாலம் மருத்துவ உலகின் கவனம் கைகால்களிலேயே இருந்தது.

1981இல் எம்.எஸ். நோயாளிகளின் மூளை எம்.ஆர்.ஐ. படங்களில் பதிவானது. உறை போன இடங்களின் தழும்புகள் புள்ளிகளாகத் தெரிந்தன. ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கையும் நோயாளி படும் சிரமமும் ஒத்துப்போகவில்லை. புள்ளி நிறைய உள்ளவர் கணக்குப் பார்க்கிறார். சில புள்ளிகளே உள்ளவர் திணறுகிறார். சாம்பல்நிறப் பகுதியும், செய்திகளின் சந்திப்பான தலாமஸும் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்பதே அறிதிறனோடு நன்றாகப் பொருந்துகிறது என்று பிறகு தெரிந்தது. எம்.ஆர்.ஐ. சாலையில் உள்ள குழிகளைக் காட்டுகிறது. மெக் அதில் போகும் வண்டி எவ்வளவு தாமதம் என்று காட்டுகிறது. ஆம்ஸ்டர்டாமில் நடந்த மெக் ஆய்வுகள், அறிதிறன் குறைந்த எம்.எஸ். நோயாளிகளின் மூளை அலைகள் மந்தமாவதைப் பதிவுசெய்துள்ளன.

மெக் கருவி எல்லா ஊருக்கும் வராது. ஹீலியமும் காப்பு அறையும் செலவு மிக்கவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற வெகுசில இடங்களில்தான் அந்த வசதி உண்டு. ஆனால் தாமதத்தை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. குறியீடுகளுக்கு உரிய எண்களை 90 நொடிகளில் எத்தனை சரியாகச் சொல்ல முடிகிறது என்று பார்க்கும் சோதனை அது. ஒரு தாள் போதும். நோய் உறுதியானதும் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று 2018இல் வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். களைப்பும் மனச்சோர்வும் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பதால், அவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் பயிற்சியாலும் வேலை முறையை மாற்றுவதாலும் சமாளிக்க முடியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 எம்.எஸ். நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டம் ஏற்றுக்கொண்டதை வீடும் ஏற்க வேண்டும். எம்.எஸ். உள்ள மகளோ மருமகளோ எதையாவது மறந்தால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அந்த 90 நொடிச் சோதனையை நீங்களே கேளுங்கள்.