மண்ணால் எழுந்த பள்ளிக்கூடம்



கட்டிடக்கலை பயின்றுகொண்டிருந்த மாணவர் ஒருவர், பட்டம் பெறுவதற்கு முன்னரே தம் சொந்தக் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி முடித்தார். அதை அவர் எம்முறையில் கட்டினார் என்பதை இவ்விதழில் உங்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் பிரான்சிஸ் கெரே. மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோ நாட்டிலுள்ள காண்டோ என்னும் கிராமத்தில் 1965-ஆம் ஆண்டு பிறந்தவர். ஊர்த் தலைவரின் மகன். அந்நாளில் ஊரில் பள்ளி இல்லாததால், ஏழு வயதிலேயே வீட்டைப் பிரிந்து வெளியூர் சென்று படித்தார். அங்கே வகுப்பறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்களாம். காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வெளியே அடிக்கிற வெயிலைவிட உள்ளே வெக்கை அதிகம். பிற்காலத்தில் அவர் வரைந்த வரைபடங்களுக்கெல்லாம் அந்த அறையே தூண்டுகோல் என்று நான் நினைக்கிறேன்.

1985-இல் தச்சுத்தொழில் கற்க உதவித்தொகை பெற்று பெர்லின் நகருக்குப் போனார். மரம் அரிதான நாட்டிலிருந்து தச்சுவேலை படிக்கப் போனது சற்று வேடிக்கைதான்! பகலில் தொழிலும் இரவில் பள்ளிப்படிப்புமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. 1995-இல் அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை பயிலச் சேர்ந்தார். 1998-இல் நண்பர்களுடன் ஒரு சங்கம் அமைத்து, காண்டோ பள்ளிக்காக நிதி திரட்டத் தொடங்கினார்.

கட்டிடம் பார்வைக்கு எப்படி இருக்கவேண்டும் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. ஊரில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். களிமண் இருந்தது, உழைக்கும் கைகள் இருந்தன. ஆனால் ஊரார் இதற்கு எளிதில் இசையவில்லை. மண்சுவர் மழைக்காலத்தில் கரைந்துபோகும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டது. ஜெர்மனியில் படித்தவன் இங்கே வந்து மண்ணைக் குழைக்கிறானே என்று அவர்கள் வியந்ததில் தவறில்லை.

அவர் களிமண்ணுடன் சிறிதளவு சிமெண்டு சேர்த்து, அழுத்திக் கற்களாக்கினார். சுவர் நனையாதபடி கூரையை வெகுதூரம் வெளியே நீட்டினார். கூரைதான் இதில் முக்கியமானது. தகரம் மலிவு, ஆனால் அதன் கீழ் உட்கார்ந்தவர்களுக்கே அந்த வேதனை தெரியும். ஆகவே வகுப்பறைக்கு மேல் இரும்புக் கம்பிகளைப் பரப்பி, அவற்றின்மேல் மண்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கி, முதலில் ஒரு மண் மேல்தளம் அமைத்தார். தகரக் கூரையை அதைத் தொடாமல் உயரத்தில் தூக்கி நிறுத்தினார். அறையின் சூடான காற்று இடைவெளிகள் வழியே மேலேறுகிறது. இரண்டு கூரைகளுக்கும் நடுவே வீசும் காற்று அதை வெளியே கொண்டுபோய்விடுகிறது. மின்விசிறி இல்லாமலே அறை தணிந்திருக்கிறது.

தகரத்தைத் தாங்கும் சட்டங்களும் சாதாரண இரும்புக் கம்பிகளே. பாரந்தூக்கி இயந்திரம் அவ்வூருக்கு வராது. கைரம்பத்தையும் சிறிய வெல்டிங் கருவியையும் கையாள ஊர் வாலிபர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கிவந்தார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். களிமண் தரையை மணிக்கணக்காகத் தட்டித்தட்டி இறுக்கினார்கள்.

2001-இல் பள்ளி முடிந்தது. 2004-இல் அதற்கு ஆகா கான் கட்டிடக்கலை விருது கிடைத்தது. அவர் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான்! 120 ஆக இருந்த மாணவர் தொகை நாளடைவில் 700 ஆக உயர்ந்தது. 2022-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே.

மருத்துவமனையில் ஊழியம் செய்கிற எனக்கு அவருடைய இன்னொரு கட்டிடத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு. லாவோங்கோ என்னுமிடத்தில் 2014-இல் திறக்கப்பட்ட மருத்துவ நிலையம் அது. நோயாளியின் கட்டிலருகே அமரும்போதெல்லாம் நான் காண்பது ஒன்று: நிற்கிறவனுக்கு வானம் தெரியும், படுத்திருப்பவருக்கு விட்டம் மட்டுமே தெரியும். லாவோங்கோவில் ஜன்னல்கள் ஒரே வரிசையில் இல்லை. நிற்பவரின் கண்மட்டத்துக்குச் சில, உட்கார்ந்திருப்பவருக்குச் சில, கட்டிலில் படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேராகத் தாழ்வாய்ச் சில.