அயலார் மொழியிற் சில சொற்கள்

கண்டி மாநகரிலும் அதன் சுற்றுப்புறத்தும் வாழும் தமிழர்க்கு அன்றாடச் சிங்களம் இன்றியமையாதது. அதனை எவ்வாறு கற்பது? தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குதல் எளிது. அம்மா, அக்கா என்பன இரு மொழிக்கும் பொது. நமது 'கடை' அங்குக் 'கடே' ஆயிற்று.

ஆயினும், ஒலியொப்புமை கண்டு பொருளும் ஒன்றெனக் கொள்ளலாகாது. நமக்கு 'முதல்' என்பது வணிகத்தில் இடும் பொருள். அவர்க்கோ பணம் யாவும் 'முதல்'. நமக்குப் 'பொடி' தூள், அவர்க்குச் சிறியது. செவியிற் 'கொலை' எனப் படும் சொல் அங்கு வெறும் இலையே!

குறில் நெடிலும் பொருளை மாற்றும். 'லுணு' என்பது உப்பு, 'லூனு' வெங்காயம். முன்னொருநாள் சந்தையில் யாம் நெடிலைக் குறுக்கி வெங்காயம் கேட்க, உப்பே கிடைத்தது. எழுத்திலக்கணம் கற்பிக்கும் யாமே மாத்திரையிற் பிழைத்தோம்! கடைக்கார அம்மையார் நகைத்துத் திருத்தினார். அன்றுதொட்டு, செல்லுந்தோறும் ஒரு சொல் கற்பித்தார்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. எனினும், அயலாரோடு அளவளாவும் பழக்கத்தைச் சட்டம் தாராது. மாணவர்காள்! நாளொரு சொல்லைப் பொருளறிந்து கற்று, பிழைபடினும் நாணாது பேசிப் பழகுவீராக.