நைட்டா, நிஞ்ஜாவா? கேரக்டரின் வளர்ச்சியை ‘கிளாஸ்’ எப்படித் தீர்மானிக்கிறது?

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில், இடுப்பளவு உயரத்தில் ஒரே மட்டமாக நிற்கிற தேயிலைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். அது பிறவியிலேயே குட்டைச் செடி அல்ல. அப்படியே விட்டுவிட்டால் மரமாக வளரும். இளசாக இருக்கும்போதே நுனியை வெட்டி, பக்கக் கிளைகளைப் பரப்பி, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து அதைக் கொழுந்து தரும் செடியாக வைத்திருக்கிறார்கள். மண்ணும் மழையும் அதேதான். வளர்ச்சி உயரமாகப் போவதா, கொழுந்தாகப் போவதா என்பதைக் கவாத்துக் கத்தி முடிவு செய்கிறது.

டாக்டிக்கல் ரோல்-பிளேயிங் கேம்களில் ‘கிளாஸ்’ செய்யும் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். கேரக்டர் ஒரு லெவல் ஏறும்போது கூடுகிற வலிமை, வேகம், உயிர்ப் புள்ளிகள் எல்லாம், அந்த நேரத்தில் அது எந்த கிளாஸில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன. ‘தப்பான கிளாஸில் 20 மணி நேரம் ஏத்திட்டேனே, கேரக்டர் வீணாப் போச்சா?’ என்ற பயம் புதிதாக ஆடுகிறவர்களுக்கு வருவது இதனால்தான். அந்தப் பயத்தில் எவ்வளவு நிஜம்?

முதலில், கிளாஸ் என்றால் என்ன?

கட்டம் போட்ட களத்தில், சதுரங்கம் போல ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்தும் சண்டை. ஒவ்வொரு காயும் தனித்தனியாக லெவல் ஏறி வளரும். இதுதான் டாக்டிக்கல் ஆர்பிஜி. வாள்வீரர், மந்திரவாதி, மதகுரு என்று கேரக்டர்களைப் பிரிக்கும் வழக்கம் 1974-ல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டிலிருந்து பரவியது. வீடியோ கேமில் இந்த வகைக்குப் பாதை போட்டவை 1990-ல் தொடங்கிய ‘ஃபயர் எம்ப்ளம்’, 1995-ல் வந்த ‘டாக்டிக்ஸ் ஓகர்’, 1997-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்’ ஆகிய ஜப்பானிய கேம்கள். கடைசியாகச் சொன்னது இப்போது போனிலும் ஆடக் கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் புதுப்பித்த பதிப்பும் வந்தது.

கழற்றி வைக்கும் எண், ஒட்டிக்கொள்ளும் எண்

குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. 1997-ன் ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸில் ஒவ்வொரு கிளாஸுக்கும் இரண்டு வகை எண்கள் உண்டு.

முதலாவது, பெருக்கல் எண். இது சட்டை மாதிரி. ஒரு கேரக்டரின் அடிப்படை வலிமை 10 என்றால், நைட்டாக இருக்கும்போது 120 சதவீதம், அதாவது 12. அதே ஆள் பிளாக் மேஜ் ஆனால் 60 சதவீதம், அதாவது 6. கிளாஸை மாற்றியதும் எண்ணும் மாறிவிடும். ‘கால்குலேட்டர்’ கிளாஸுக்குப் போனதும் வேகம் பாதியாகிவிட்டதே என்று பதற வேண்டாம். வேறு கிளாஸுக்கு வந்தால் பழைய வேகம் திரும்பிவிடும்.

இரண்டாவது, வளர்ச்சி எண். இதுதான் கழற்றவே முடியாமல் ஒட்டிக்கொள்வது. ஒவ்வொரு லெவலிலும் ஒரு ஸ்டாட் எவ்வளவு கூடும் என்பதற்கான கணக்கு இது:

கூடும் அளவு = இப்போதைய அடிப்படை மதிப்பு ÷ (கிளாஸின் வளர்ச்சி எண் + லெவல்)

வகுக்கிற எண் சிறியதாக இருந்தால் விடை பெரிதாக வரும். ஆக, வளர்ச்சி எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமான வளர்ச்சி.

தேயிலையில் சொன்னால், பறித்த ஒரே கொழுந்தை ஃபேக்டரியில் சிடிசி தூளாகவும் ஆக்கலாம், கிரீன் டீயாகவும் ஆக்கலாம். அது பெருக்கல் எண். செடியின் கிளை எந்த வாக்கில் பரவியது என்பது வளர்ச்சி எண். அதை ஃபேக்டரியில் மாற்ற முடியாது.

வித்தியாசம் எவ்வளவு?

உயிர்ப் புள்ளி 30-ல் தொடங்கும் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். லெவல் 1-லிருந்து 50 வரை ஒருவர் மாங்க் (வளர்ச்சி எண் 9), ஒருவர் ஸ்கொயர் (11), ஒருவர் பார்ட் (20) ஆகவே இருக்கிறார்கள். 50-வது லெவலில் மூவரின் அடிப்படை மதிப்பு ஏறத்தாழ:

- மாங்க்: 177
- ஸ்கொயர்: 152
- பார்ட்: 100

பார்ட் விஷயத்தில் பயம் நியாயமானதுதான். பாட்டுப் பாடி டீமுக்கு உதவும் அந்த கிளாஸில் லெவலை ஏற்றிக்கொண்டே போனால் உடம்பு தேறாது.

ஆனால் வேகத்தைப் பாருங்கள். நிஞ்ஜாவின் வளர்ச்சி எண் 80, ஸ்கொயருக்கு 100. வேகம் 6-ல் தொடங்கினால், 50-வது லெவலில் நிஞ்ஜாவுக்கு 9.6, ஸ்கொயருக்கு 8.9. திரையில் 9, 8 என்று தெரியும். ஒரே ஒரு புள்ளி. அதையும் லேசாக விட முடியாது. இந்த கேமில் வேகம் சேர்ந்து சேர்ந்து 100-ஐத் தொட்டால்தான் முறை வரும். 8 வேகத்துக்கு 13 படி. 9 வேகத்துக்கு 12 படி. நீண்ட சண்டையில் இது ஒரு கூடுதல் அடியாக மாறும்.

மந்திர பலத்தில்தான் ஆச்சரியம். ஏறக்குறைய எல்லா கிளாஸுக்கும் அதன் வளர்ச்சி எண் 50. அதாவது, மந்திரவாதியை மந்திரவாதியாகவே லெவல் ஏற்றினால்தான் மந்திர பலம் கூடும் என்று பலரும் நினைப்பது சரியல்ல. நைட்டாக ஏற்றினாலும் அது அதே அளவுதான் கூடும்.

ஃபயர் எம்ப்ளமில் அதிர்ஷ்டமும் உண்டு

ஃபயர் எம்ப்ளம் வேறு ரூட். அங்கே வளர்ச்சி ஒரு சதவீத வாய்ப்பு. 2019-ல் வந்த ‘த்ரீ ஹவுசஸ்’ பாகத்தில் கேரக்டரின் சொந்த வாய்ப்போடு கிளாஸின் வாய்ப்பும் சேரும். உதாரணமாக, சொந்தமாக 40 சதவீதம், கிளாஸ் தருவது 10 சதவீதம் என்றால், லெவல் ஏறும்போது அந்த ஸ்டாட் ஒரு புள்ளி கூட 50 சதவீத வாய்ப்பு.

அந்த 10 சதவீதத்தின் மதிப்பு என்ன? அந்த கிளாஸில் 10 லெவல் ஏறினால் சராசரியாக 1 புள்ளி. இவ்ளோதான். ஆனால் 50 சதவீத வாய்ப்பில் 20 லெவல் ஏறும்போது, சும்மா அதிர்ஷ்டத்தால் மட்டுமே 2 புள்ளி மேலேயோ கீழேயோ போவது சகஜம். கிளாஸ் தருவதைவிட நாணயச் சுண்டல் தருவது அதிகம்!

அப்போ கிளாஸ் எதற்கு? எத்தனை கட்டம் நகரலாம், எந்தத் திறமை கைக்கு வரும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதோடு, கிளாஸ் மாறும்போது அந்த கிளாஸின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருக்கும் ஸ்டாட் அந்த அளவுக்கு உயர்த்தப்படும். எதிராளியைவிடத் தாக்கும் வேகம் 4 அதிகமாக இருந்தால் இரண்டு முறை அடிக்கலாம் என்பதால், வேகத்தில் மட்டும் ஒரு புள்ளிகூட சண்டையைத் திருப்பலாம்.

தப்பாகத் தேர்ந்தெடுத்தால் திருத்த முடியுமா?

முடியும். ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸில் லெவலைக் குறைக்கும் பொறி ஒன்று உண்டு. வளர்ச்சி மோசமான கிளாஸில் இருக்கும்போது லெவலை இறக்கினால் இழப்பு குறைவு; நல்ல கிளாஸுக்கு மாறி மறுபடி ஏற்றினால் லாபம் அதிகம். கிழடு தட்டிய செடியைத் தாழ வெட்டித் துளிர்க்க விடுகிற கடும் கவாத்துதான் இது. 2003-ல் வந்த ‘டிஸ்கேயா’வில் இதற்கு விதியே உண்டு: கேரக்டர் மறுபிறவி எடுத்து முதல் லெவலிலிருந்து கூடுதல் பலத்தோடு வளரலாம்.

ஆனால் இதற்கெல்லாம் மணிக்கணக்கில் நேரம் போகும். வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு இது கட்டாயமே இல்லை. கதையை முடிக்க உச்ச லெவலும் தேவையில்லை, உச்ச ஸ்டாட்டும் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை

- உங்கள் கேமில் வளர்ச்சி ஒட்டிக்கொள்கிறதா, கிளாஸ் மாறினால் மாறிவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். மாறிவிடும் என்றால் கவலையே வேண்டாம்.
- ஒட்டிக்கொள்ளும் என்றால், பார்ட் போன்ற மெலிந்த கிளாஸ்களில் தேவையான திறமையை மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.
- வேகத்துக்கு முதல் மரியாதை. மற்ற ஸ்டாட்களில் விட்டதை ஆயுதமும் கவசமும் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.
- ஸ்டாட் கணக்கைவிடத் திறமைகளின் கூட்டணி பெரிது. நல்ல திறமை நாலு புள்ளிக்குச் சமம்.

பிடிக்காத கிளாஸில் 30 மணி நேரம் ஓட்டி ஒரு புள்ளி வேகம் சேர்ப்பதைவிட, பிடித்த கிளாஸில் ஆடி கதையின் கடைசிச் சண்டை வரை போய்ச் சேர்வதுதான் புத்திசாலித்தனமான தேர்வு.