மதிலுக்கு வெளியே அம்மாக்கள்

பள்ளிக்குப் போகும் பாதை – 9

வங்காளத்தில் சரஸ்வதி பூஜை வசந்த பஞ்சமியன்று வரும். கொல்கத்தாவில் அன்று தெருவுக்குத் தெரு பந்தல். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு மஞ்சள் உடை போட்டு, தேவியின் முன்னால் பெரியவர் ஒருவரின் மடியில் உட்காரவைப்பார்கள். ஸ்லேட்டையும் சாக்பீஸையும் கொடுத்து, குழந்தையின் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைப்பார்கள். இதற்கு 'ஹாதே கொடி' என்று பெயர். கையில் சுண்ணக்கட்டி என்று பொருள். விஜயதசமியன்று நாம் தட்டில் அரிசியைப் பரப்பி எழுதவைக்கிறோமே, அதேதான்.

முதல் எழுத்துக்குக் குடும்பமே கூடி நிற்கிறது. இரண்டாவது எழுத்திலிருந்து பள்ளிக்கூடத்தின் பாடு. வீட்டார் மதிலுக்கு வெளியே போய்விட வேண்டும். கொல்கத்தாவில் இது கண்ணால் பார்க்கக்கூடிய காட்சி. காலை நேரத்தில் பல தொடக்கப் பள்ளிகளின் வாசலில், நடைபாதையில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் அம்மாக்கள் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் திரும்பி வர நேரமில்லாததால் மணி அடிக்கும்வரை அங்கேயே இருப்பவர்கள். நான்கு வருடம் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தும் வகுப்பறையை ஒருமுறைகூடப் பார்க்காத அம்மா இருப்பார். உள்ளே கூப்பிட்டால் அது 'கார்ஜியன் கால்'. பிள்ளை தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். நம் ஊரில் "நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா" என்பது போல.

என் அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். என் பள்ளிக்குள் அவர் வந்தது இரண்டே முறை. சேர்க்கும்போது ஒன்று, டி.சி. வாங்கும்போது ஒன்று. அதனால் இந்த வாசல் காட்சியை என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

பள்ளியின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களைக் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று வங்காளத்தில் உண்டு. 1998ல் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென், அந்தப் பணத்தில் பிரதீச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். சாந்திநிகேதனில் உள்ள அவருடைய வீட்டின் பெயர் அது. அறக்கட்டளையின் சார்பில் குமார் ராணாவும் அவருடைய குழுவினரும் பீர்பூம், புருலியா, மேதினிபூர் மாவட்டங்களில் தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் போனார்கள். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார்கள். 2002ல் அறிக்கை வந்தது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் டியூஷன் போகாதவர்களில் பெரும்பாலோருக்குத் தம் பெயரைக்கூட எழுதத் தெரியவில்லை.

பெயர் எழுதத் தெரிந்தது டியூஷன் போனவர்களுக்கு. அப்படியானால் வகுப்பறையில் என்னதான் நடந்தது? பாடத்திட்டம் கனமானது. அதைப் பள்ளி நேரத்தில் முடிக்க முடியாது, மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருந்தார்கள்? படிக்காத அம்மா, கூலிக்குப் போன அப்பா. கையில் காசிருந்தவர்கள் டியூஷன் மாஸ்டரை வைத்தார்கள், இல்லாதவர்களின் பிள்ளைகள் நான்கு வருடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பள்ளியில் முதல் தலைமுறையாகக் கால் வைக்கும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதே அநீதி என்று சென் பிறகு வெளிப்படையாக எழுதினார். எனக்கும் அதுதான் எண்ணம். அந்தத் தாயால் முடியாத ஒன்றைப் பள்ளி அவரிடம் கேட்கிறது. அவரால் முடிந்ததை, அதாவது கவனிப்பதையும் கேள்வி கேட்பதையும், செய்யவிட மறுக்கிறது.

அதே அறிக்கையில்தான் இன்னொரு வகைப் பள்ளியும் வருகிறது. இந்த வாரம் நான் சொல்ல வந்தது அந்தப் பள்ளியைப் பற்றி.

1997-98ல் மேற்கு வங்க அரசு 'சிசு சிக்ஷா கேந்திரம்' என்ற பெயரில் புதிய தொடக்கப் பள்ளிகளைத் தொடங்கியது. இவை கல்வித் துறையின் கீழ் வரவில்லை, பஞ்சாயத்து மற்றும் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வந்தன. பக்கத்தில் பள்ளி இல்லாத ஊரில், குறைந்தது இருபது பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் கூடிக் கேட்கலாம். ஊருக்கு மேலிடத்திலிருந்து இறங்கி வந்த பள்ளி அல்ல, ஊர் கேட்டு வாங்கிய பள்ளி. நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கே பெரும்பான்மை. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். அந்த ஆசிரியர் பெண்ணாக இருக்க வேண்டும், உள்ளூரைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வயது நாற்பதுக்குக் குறையக் கூடாது. அவருக்கு 'சஹாயிகா' என்று பெயர். உதவி செய்பவர் என்று பொருள்.

நாற்பது வயது என்ற விதியைப் படித்தபோது கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். அரசு வேலைகளில் பெரும்பாலும் பேசப்படுவது வயதின் மேல் எல்லைதான். இங்கே கீழ் எல்லை. பத்தாவது படித்துவிட்டுக் கல்யாணமாகி, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, படிப்பை அடுப்படியில் மறந்துபோன பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். அவர்களை அரசு தேடிப்போனது. அப்படி வேலைக்கு வந்தவர் வேறு ஊருக்கு மாற்றல் கேட்கப் போவதில்லை. பஸ் வரவில்லை என்று தாமதமாக வரப் போவதில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அம்மாவைக் குழாயடியில் தினமும் பார்க்கிறவர். "என் பையன் இன்னும் கூட்டத் தெரியாம முழிக்கிறானே, தீதி" என்று கேட்டால் தப்பிக்க முடியாது. ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். அதிலும் பெற்றோர் குழுவின் சொல்லுக்கு இடமுண்டு. பள்ளி நேரத்தையும் ஊருக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். அறுவடைக் காலம் வந்தால் அதற்கேற்ப.

இந்தப் பள்ளிகள் பலவற்றுக்குச் சரியான கட்டடம்கூட இல்லை. வழக்கமான பள்ளிகளோடு ஒப்பிட்டால் வசதி குறைவு, சம்பளம் மிகக் குறைவு. அப்படியிருந்தும் ஆசிரியர் வருகையிலும் பெற்றோரின் திருப்தியிலும் இவையே முன்னால் நின்றன என்று பிரதீச்சி அறிக்கை சொன்னது. ஆசிரியர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறியதும் வகுப்பறையும் மாறியது. நிரந்தர ஆசிரியர் தொலைவில் உள்ள அதிகாரிக்குப் பதில் சொன்னார். சஹாயிகா எதிர் வீட்டு அம்மாவுக்குப் பதில் சொன்னார்.

இதைச் சொல்லும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. சஹாயிகாவுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். நிரந்தர ஆசிரியரின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராத தொகை. ஏழைப் பிள்ளைக்கு மலிவுப் பள்ளி, அதற்கு மலிவு விலையில் ஒரு பெண்ணின் உழைப்பு என்ற கணக்கை அரசு போட்டது. பிந்தைய ஆண்டுகளில் இந்தப் பெண்கள் சம்பளத்துக்காகவும் இடமாற்றத்துக்கு எதிராகவும் கொல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள அரசு அலுவலகமான விகாஸ் பவன் வாசலுக்கு வந்து போராடினார்கள். உள்ளூர்ப் பெண் என்பதற்காகவே வேலைக்கு எடுத்துவிட்டு, பிறகு தொலைதூரத்துக்கு மாற்றினால் அந்தப் பள்ளியின் உயிரே போய்விடாதா?

சரிவும் வந்தது. சில ஆண்டுகள் கழித்து பிரதீச்சி குழு மறுபடி போய்ப் பார்த்தது. 2009ல் இரண்டாவது அறிக்கை. மதிய உணவு வந்திருந்தது, பிள்ளைகளின் வருகை கூடியிருந்தது, பல விஷயங்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் டியூஷனும் கூடியிருந்தது. வழக்கமான தொடக்கப் பள்ளிகளில் 57 சதவீதத்திலிருந்து 64 சதவீதமாக. சிசு சிக்ஷா கேந்திரங்களில் 24 சதவீதத்திலிருந்து 58 சதவீதமாக. அம்மாக்கள் தேர்ந்தெடுத்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளும் டியூஷனுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். அதே பாடப்புத்தகச் சுமை, அதே வீட்டுப்பாடம். குடும்பம் எவ்வளவு கூடி நின்றாலும், வகுப்பறையில் நடக்க வேண்டியது வகுப்பறைக்குள் நடக்காவிட்டால் பிள்ளை வெளியேதான் தேடிப்போகும். பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்கும் 'அசர்' கணக்கெடுப்பின்படி, 2022ல் மேற்கு வங்கக் கிராமப்புறப் பிள்ளைகளில் டியூஷன் போகிறவர்கள் சுமார் 74 சதவீதம்.

கொல்கத்தா நகரத்துக்கும் இப்படி ஒரு முயற்சி இருந்தது. 1999ல் அரசும் யுனிசெஃபும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து 'சிக்ஷாலயா' திட்டத்தைத் தொடங்கின. பள்ளிக்கே போகாத பிள்ளைகளுக்காகக் குடிசைப் பகுதிகளுக்குள்ளேயே, கிடைத்த அறையில், அந்தப் பகுதிப் பெண்களே நடத்திய சிறு பள்ளிகள். இதற்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிஸ்டர் சிரில் மூனி. அயர்லாந்திலிருந்து 1956ல் இந்தியா வந்தவர். 1979ல் சியால்தா லொரேட்டோ பள்ளியின் முதல்வரானார். கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாக இருந்ததில், காலப்போக்கில் பாதிக்குப் பாதி ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்தார். 1985ல் தெருவில் வாழும் பிள்ளைகளுக்காக 'ரெயின்போ' தொடங்கினார். நடைபாதையில் வாழும் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். லொரேட்டோ மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுப்பாள். வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை எழுந்து போகலாம், நாளைக்கு வரலாம். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை எப்படி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி பள்ளி வளைந்துகொடுத்தது. 2007ல் பத்மஸ்ரீ பெற்ற சிஸ்டர் சிரில் 2023ல் காலமானார்.

குழு அமைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் கிடைத்த பாடத்தைச் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் வளர்ந்த பொருளியலாளர் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ருக்மிணி பானர்ஜியும் இன்னும் சிலரும் சேர்ந்து 280 கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே ஏற்கெனவே கிராமக் கல்விக் குழு இருந்தது. பல பெற்றோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதைவிட வேதனை, தாம் அந்தக் குழுவில் உறுப்பினர் என்பதே தெரியாத உறுப்பினர்களும் இருந்தார்கள். சில கிராமங்களில் ஊரைக் கூட்டி, குழுவின் உரிமைகளை விளக்கிச் சொன்னார்கள். ஒன்றும் பெரிதாக மாறவில்லை. வேறு சில கிராமங்களில் ஊர்க்காரர்களுக்கே பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் மட்டும் பள்ளி மாறவில்லை. மூன்றாவது வகைக் கிராமங்களில் உள்ளூர் இளைஞர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்தச் சொன்னார்கள். அங்கே வந்த பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினார்கள். கையெழுத்துப் போடும் கூட்டத்தைவிட, பிள்ளையோடு உட்காரும் ஒரு மணி நேரத்துக்கு ஊர் மனசார முன்வந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் வங்காளத்துத் தொடக்கப் பள்ளிகள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தன. 2022 பிப்ரவரி 7 அன்று, சரஸ்வதி பூஜை முடிந்த இரண்டாம் நாள், 'பாராய் சிக்ஷாலயா' என்ற திறந்தவெளிப் பள்ளித் திட்டம் தொடங்கியது. 'பாரா' என்றால் நம் பேச்சில் தெரு, பேட்டை. மைதானத்தில், பூங்காவில் வகுப்பு நடந்தது. பிப்ரவரி 16 அன்று பள்ளிக் கதவுகள் திறந்தன, மதிலும் பழையபடி வந்துவிட்டது. அதே காலத்தில் மேற்கு பர்தமான் மாவட்டத்து ஜாமுரியாவில் தீப்நாராயண் நாயக் என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆதிவாசிக் குடியிருப்பின் மண்சுவர்களைக் கரும்பலகையாக்கினார். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்தே எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். 2023ல் உலக ஆசிரியர் பரிசின் இறுதிப் பத்துப் பேரில் அவர் ஒருவர்.

நமக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர். சஹாயிகாவைத் தேர்ந்தெடுத்த அந்த வங்காளத்து அம்மாக்களுக்குக் குழுவில் இருந்த இடம், சட்டப்படி இன்று உங்களுக்கும் இருக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பிவிடாதீர்கள். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அதன் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்.

எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று தயங்காதீர்கள். என் அம்மா அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். நான் வரியை விழுங்கினால் அவர் கை நின்றுவிடும். "இன்னொருக்கா சொல்லு" என்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாளாவது, வாசலில் நிற்கும் அம்மாவை உள்ளே கூப்பிட்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன பெஞ்சிலேயே உட்காரவையுங்கள்.

(தொடரும்)