இறந்த பெண்ணின் கணவாய்

பெரு தேசத்தில், குஸ்கோ நகரத்திலிருந்து மச்சு பிச்சுவுக்குப் போகும் ரயில் பாதையில் 82-வது கிலோமீட்டர் என்று ஓர் இடம் இருக்கிறது. ஊரின் பெயர் பிஸ்காகூச்சோ. ஆனால் பிரயாணிகள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "82" என்றால்தான் தெரியும். உருபாம்பா நதி பேரிரைச்சலுடன் ஓடும் அவ்விடத்தில், பாலத்துக்கு இப்பால், ஒரு தராசு வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டதும் எங்கள் கோஷ்டியைச் சேர்ந்த, சற்றுப் பருத்த சரீரமுடைய நண்பர் ஒருவர் திடுக்கிட்டு நின்றார். யாத்திரிகர்களை நிறுத்துப் பார்த்த பிறகுதான் மலைமேல் விடுவார்கள் என்று எண்ணிக்கொண்டார் போலும்! நிறுக்கப்பட்டது நாங்கள் அல்ல; எங்கள் மூட்டைகளைச் சுமக்க வந்திருந்தவர்களின் சுமைகள்தான்.

இந்தச் சுமைகாரர்களைக் 'கூலிகள்' என்று எழுத எங்கள் பேனா கூசுகிறது. அந்தச் சொல்லைத் தலையில் சுமந்துகொண்டு கடல் கடந்து தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் கதை நமக்குத் தெரியாததா? கணவாய்களின் வழியே கழுதையும் குதிரையும் போக அனுமதி கிடையாது. ஆகவே கூடாரம், அடுப்பு, அரிசி, உருளைக்கிழங்கு எல்லாம் மனிதர் முதுகிலேதான் போகவேண்டும். முன் காலத்தில் ஒரு முதுகில் 40 கிலோவுக்கு மேலும் ஏற்றியதுண்டு. 2001-ஆம் ஆண்டில் பெரு சர்க்கார் ஒரு சட்டம் செய்து, ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது என்று விதித்தார்கள். அதற்காகத்தான் தராசு. முள் 20-ஐத் தாண்டினால் மூட்டையை அங்கேயே பிரித்துவிடவேண்டும். எங்கள் பருத்த நண்பர் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்திருந்த இரண்டு தடித்த புஸ்தகங்கள் அவ்விதம் வெளியே வந்து, பிறகு நான்கு தினங்களும் அவருடைய சொந்த முதுகிலேயே பிரயாணம் செய்தன.

பாதையின் நீளம் சுமார் 42 கிலோமீட்டர். நான்கு பகல், மூன்று இரவு. ஒரு நாளில் 500 பேருக்கு மேல் புறப்பட அனுமதி இல்லை. அந்த 500-இல் பாதிக்கு மேற்பட்டவர்கள் சுமைகாரர்களும் வழிகாட்டிகளுமே. லைசென்ஸ் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. பிப்ரவரி மாதம் முழுவதும், மழைக்காகவும் பழுது பார்ப்பதற்காகவும், பாதையை அடைத்துவிடுகிறார்கள். கைத்தடியின் இரும்பு நுனிக்கு ரப்பர் குல்லா மாட்ட வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. இன்கா மன்னர்கள் பதித்த கல்லில் கீறல் விழக் கூடாதல்லவா?

எங்கள் வழிகாட்டி கெச்சுவா ஜாதியைச் சேர்ந்த இளைஞர். இன்காக்களின் பாஷையே அவருக்குத் தாய்மொழி. ஸ்பெயின்காரரின் ஆட்சியிலும், 1821-இல் பெரு சுதந்திரப் பிரகடனம் செய்த பிறகுங்கூட, நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அந்தப் பாஷை 1975-ஆம் ஆண்டில்தான் ஆட்சி மொழிகளுள் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது. சுமைகாரர்களில் மூத்தவரை அவர் "தாய்தா" என்று அழைத்தார். 'தந்தையே' என்று பொருளாம். நம் 'தாத்தா' ஞாபகம் வந்தது. சொல்லாராய்ச்சிக்காரர்கள் காதில் இது விழாமல் இருக்கட்டும்! எங்கள் எல்லோரையும் சேர்த்து அவர் "குடும்பத்தாரே" என்று கூப்பிட்டார். வந்தவர்களில் பாதிப்பேர் முதல் நாள்தான் ஒருவரையொருவர் பார்த்தவர்கள்.

முதல் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆற்றோரமாக, கள்ளிச் செடிகளுக்கு நடுவே, பெரும்பாலும் சமதரையிலேயே நடை. வழியில் லக்தாபாதா என்னும் பாழூர் பள்ளத்தாக்கில் தெரிகிறது. மலைச்சரிவு வளைகிற வளைவுக்கெல்லாம் அதன் படிக்கட்டு வயல்களும் வளைந்து கொடுக்கின்றன. மாலையில் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள வாய்லபம்பாவில் கூடாரம். எங்களுக்குப் பின்னால் புறப்பட்டு, எங்களை ஓட்டமாகத் தாண்டிப் போன சுமைகாரர்கள், நாங்கள் போய்ச் சேருவதற்குள் கூடாரம் அடித்து, வெந்நீர் வைத்து, எங்களைக் கண்டதும் கை தட்டி வரவேற்றார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. யாருக்கு யார் கை தட்டுவது?

இரண்டாவது நாள்தான் நாள்.

எங்களுடன் ஓர் அம்மாள் வந்திருந்தார். வயது 63. முப்பது வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். 1532-இல் பிஸாரோ என்னும் ஸ்பெயின்காரன் காஹாமார்கா நகரில் இன்கா மன்னன் அதாவால்பாவைச் சூதாகப் பிடித்ததையும், ஓர் அறை நிறையப் பொன்னும் அதற்குமேல் வெள்ளியும் மீட்புப் பணமாகப் பெற்றுக்கொண்டு, மறு வருஷம் அவனைக் கொன்றே தீர்த்ததையும் வருஷந்தோறும் வகுப்பில் சொல்லிச் சொல்லி, "அந்த ஜனங்கள் கட்டிய ஒரு சுவரையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும்" என்று சங்கற்பம் செய்துகொண்டு வந்தவர்.

வாய்லபம்பாவிலிருந்து கணவாய் 1,200 மீட்டர் ஏற்றம். அத்தனையும் ஒரே காலைப் பொழுதில் ஏறவேண்டும். வார்மிவான்யுஸ்கா என்று கெச்சுவா மொழியில் பெயர். 'இறந்த பெண்' என்று அர்த்தம். அங்கே எந்தப் பெண்ணும் இறந்து போகவில்லை. கீழேயிருந்து பார்த்தால் மலைமுகடு மல்லாந்து கிடக்கும் ஸ்திரீயைப் போல் காணப்படுகிறது, அவ்வளவுதான். உயரம் 4,215 மீட்டர். கடல் மட்டத்தில் நாம் இழுக்கும் மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 60 சதவிகிதந்தான் அங்கே கிடைக்கும். நுரையீரல் இருமடங்கு வேலை செய்கிறது. கால்களோ பாதி வேலைதான் செய்கின்றன. மலையடிவாரத்துக் காடு முடிந்து வெறும் புல்வெளி ஆரம்பமாகும் இடத்தில் அம்மாள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

வழிகாட்டி ஓடி வந்தார். விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டிப் பார்த்தார். தலைவலி உண்டா, குமட்டல் உண்டா, நடை தள்ளாடுகிறதா என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "தாயே, மூச்சுத் திணறல் மட்டும் என்றால் மெள்ள ஏறலாம். மற்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் இப்பொழுதே கீழே இறங்கிவிட வேண்டும். என்னிடம் மறைக்காதீர்கள். கணவாயைத் தாண்டிவிட்டால் திரும்புவதும் ஏற்றம், முன்னால் போவதும் ஏற்றம்."

இந்த நோயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. உயரத்தில் உண்டாகும் நோய்க்கு முக்கியமான மருந்து, இறங்குவதுதான். வீராப்புப் பேசி மேலே போனவர்களுக்கு நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே அபாயம் நேர்ந்ததுண்டு. இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே, 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோவுக்கு வந்து உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்வது அதனால்தான். நாங்கள் மூன்று நாட்கள் இருந்தோம். கோகா இலைக் கஷாயமும் குடித்தோம். அங்கே அது நம் சுக்குக் காப்பி மாதிரி சாதாரண வஸ்து. வேறு பல தேசங்களுக்கு எடுத்துப் போனாலோ சிறைச்சாலைகூட நேரலாம்!

அம்மாளுக்குத் தலைவலி இல்லை, குமட்டலும் இல்லை. ஐந்து நிமிஷம் அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. அப்பொழுது அந்த 'தாய்தா' தம் சுமையை இறக்கிவைத்துவிட்டு வந்து, மூன்று கோகா இலைகளை விசிறிபோல் விரல்களுக்கிடையே பிடித்து, சிகரத்தை நோக்கி ஊதினார். மலைகளை 'அப்பு' என்று அழைத்து வணங்குவது அவர்கள் சம்பிரதாயம். பிறகு அம்மாளுடைய கைப்பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

அம்மாள் கொடுக்கவில்லை. "ஏற்கனவே 20 கிலோ ஆயிற்றே! இதுவும் சேர்ந்தால் சட்டம் என்ன சொல்லும்?" என்றார். வழிகாட்டி மொழிபெயர்த்தார். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் வழிகாட்டியே பையை வாங்கிக்கொண்டார். கிழவர் தம் சுமையைத் தூக்கிக்கொண்டு அம்மாளுக்கு முன்னால் நடந்தார். ஓட்டமாய் ஓடக்கூடிய அந்த மனிதர், நிறைகுடம் சுமந்தவர் போல் அடிமேல் அடி வைத்துப் போக, அவர் கால் வைத்த கல்லிலேயே அம்மாளும் கால் வைத்துப் போனார். இருபது அடிக்கு ஒருமுறை நின்றார்கள். நாங்கள் கணவாயின் உச்சியில் குளிர்காற்றில் பற்கள் கிட்டித்துக் காத்திருந்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து அவ்விருவர் தலைகளும் தெரிந்தன. இந்தத் தடவை நாங்கள் கை தட்டினோம்.

மூன்றாம் நாள் நடந்தது வேறு உலகம். முதலிரண்டு நாட்களில் பாதை பல இடங்களில் பிற்காலத்தில் செப்பனிடப்பட்டது. இங்கோ மிதிபடும் கல்லெல்லாம் பெரும்பாலும் இன்காக்கள் பதித்தவை. வட்டமாகக் கட்டிய ருங்குராகாய் என்னும் சாவடி. மூன்று புறமும் பாதாளமாக நிற்கும் சாயக்மார்கா. பாறையைக் குடைந்து படி வெட்டிய சுரங்க வழி. 'மேகங்களுக்கு மேலுள்ள ஊர்' என்று பொருள்படும் புயுபதாமார்கா. இந்த ஒற்றையடிப் பாதை ஒரு பெரிய மரத்தின் சிறு கிளைதான். இன்கா சாம்ராஜ்யத்தின் சாலைகள் இன்று ஆறு தேசங்களில் பரவி, மொத்தம் 30,000 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. சக்கர வண்டி இல்லை; குதிரை இல்லை; இரும்பு இல்லை; எழுத்தும் இல்லை. முடிச்சுப் போட்ட கயிறுகளே அவர்களுடைய கணக்குப் புஸ்தகம். 'சாஸ்கி' எனப்படும் அஞ்சலோட்டக்காரர்கள் மாற்றி மாற்றி ஓடிச் செய்தி கொண்டு போனார்கள். எங்களைத் தாண்டி ஓடிய சுமைகாரர்களைப் பார்த்தபோது அது கட்டுக்கதையாகத் தோன்றவில்லை.

அன்றிரவு வின்யாய் வாய்னாவில் கடைசிக் கூடாரம். சாப்பாட்டில் உருளைக்கிழங்கும் மிளகாயும் இருந்தன. அவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நம் அடுப்பங்கரைக்கு வந்தன. உருளைக்கிழங்குக்கு இந்த ஆண்டிஸ் மலைதான் பிறந்த வீடு. விடைபெறும் சமயத்தில் அம்மாள் வழிகாட்டியின் மூலம் கிழவரிடம், "நாளைக் காலையில் நீங்களும் எங்களுடன் நகரத்துக்கு வருவீர்கள் அல்லவா?" என்று கேட்டார். கிழவர் தலையை அசைத்தார். விடியுமுன்பே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கி, அவர்கள் அதிகாலை ரயிலைப் பிடித்தாக வேண்டும். எங்களை மூன்றரை மணிக்கே எழுப்புவதும் அதற்காகத்தான். வருஷக்கணக்காக இந்தப் பாதையில் சுமக்கும் அவர், மச்சு பிச்சுவுக்குள் போனது ஒரே ஒரு தடவையாம். மகளுடைய பள்ளிக்கூடத்தார் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது கூடப் போனாராம்.

நான்காம் நாள் காலை, கைகளையும் ஊன்றி ஏறவேண்டிய செங்குத்தான படிகளைக் கடந்து, 'சூரிய வாசல்' என்னும் இந்தி புங்குவை அடைந்தோம். வெண்பனியைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. அரைமணி கழித்துப் பனி விலகியது. கீழே, படத்தில் ஆயிரம் முறை பார்த்த அந்த நகரம் கிடந்தது. படத்தில் பார்த்தது வேறு, இது வேறு.

பதினைந்தாம் நூற்றாண்டில் பச்சகூட்டி என்னும் பேரரசன் கட்டியது என்று சொல்கிறார்கள். 1420-ஆம் ஆண்டையொட்டியே அங்கே ஜனங்கள் குடியிருந்தார்கள் என்று 2021-இல் வெளியான எலும்பு ஆராய்ச்சி கூறுகிறது. எங்களை அதிசயிக்கச் செய்தது மேலே தெரியும் சுவர்கள் மட்டுமல்ல. கட்டட வேலையில் பாதிக்கு மேல் பூமிக்கு அடியில் இருக்கிறதாம். வருஷத்தில் 2,000 மில்லிமீட்டர் வரை மழை கொட்டும் செங்குத்து முகட்டில், கருங்கல் ஜல்லியும் மணலும் மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டு, நீர் தேங்காமல் வடிய வழி செய்திருக்கிறார்கள். ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கால்வாய் ஒன்று, 16 நீர்த்துறைகளுக்கு இன்றும் தண்ணீர் கொண்டுவருகிறது. இவ்வளவையும் கட்டிக் காத்த பணியாட்கள் யார்? 2023-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி, அவர்கள் சாம்ராஜ்யத்தின் தொலைதூர மூலைகளிலிருந்தெல்லாம், அமேஸான் காட்டுப் பக்கத்திலிருந்துகூட, கொண்டுவரப்பட்டவர்கள் என்று காட்டியது. அன்றும் அரசன் வசிக்க யாரோ சுமந்திருக்கிறார்கள்.

ஹைரம் பிங்ஹாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1911-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி இந்நகரைக் 'கண்டுபிடித்தார்' என்பது பாடப்புஸ்தகச் சரித்திரம். அவருக்கு வழி காட்டிய குடியானவர் மெல்சோர் ஆர்த்தியாகா. அதற்கு அவர் பெற்ற கூலி ஒரு வெள்ளி சோல். பிங்ஹாம் மேலே போனபோது அந்தப் படிக்கட்டு வயல்களில் குடும்பங்கள் பயிர் செய்து கொண்டிருந்தன. ஒரு சிறு பையன்தான் அவருக்கு இடிபாடுகளைச் சுற்றிக் காட்டினான். சுவரில் 'லிஸாராகா, 1902' என்று கரியால் எழுதியிருந்ததைப் பிங்ஹாமே தம் குறிப்பில் எழுதி வைத்தார். பிறகு தோண்டியெடுத்த ஆயிரக்கணக்கான பொருள்கள் யேல் சர்வகலாசாலைக்குப் போயின. இரவலாகத்தான் கொடுத்தோம் என்று பெரு தேசத்தார் கேட்டுக் கேட்டு, வழக்கும் தொடுத்து, 2010-இல் உடன்பாடு ஏற்பட்டு, 2011-லும் 2012-லும்தான் அவை திரும்பி வந்தன. இப்பொழுது குஸ்கோவில் ஒரு மாளிகையில் இருக்கின்றன. அவற்றை முன்னதாகவே அங்கே பார்த்தோம். இரவல் திரும்பி வர ஒரு நூற்றாண்டு!

இதையெல்லாம் அம்மாளிடம் வழிகாட்டி விவரித்துக் கொண்டிருந்தார். அம்மாள் கேட்டாரோ இல்லையோ தெரியாது. சூரியன் கோயிலின் வளைந்த சுவருக்கு எதிரில், கயிற்றுக்கு இப்பால் நின்றிருந்தார். சுண்ணாம்பு இல்லாமல் ஒட்டிய கற்கள். இடையில் கத்தி நுனி போகாது. வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்பொழுது வெகு ஆழத்தில், உருபாம்பா நதிக்கரையில், ரயில் ஒன்று ஊதிற்று. அது சுமைகாரர்களுடைய ரயிலாக இருக்க முடியாது. அவர்களுடையது எப்பொழுதோ போயிருக்கும். வழிகாட்டி அப்படித்தான் சொன்னார். அம்மாள் அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே சுவரின் பக்கமிருந்து திரும்பி, பள்ளத்தாக்கை நோக்கிக் கையை உயர்த்தி ஆட்டினார்.