உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குள் ஓடும் ரத்தம்

● கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் தமனி, மண்டையோட்டுக்குள் நுழைந்ததும் விடும் முதல் பெரிய கிளைதான் கண் தமனி. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பில் ஒரு துணுக்கு பெயர்ந்து இந்தக் கிளைக்குள் போனால், ஒரு கண் சில நிமிடம் இருண்டு பிறகு தெளியும். தானாகவே சரியாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்துக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

● கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. விழித்திருக்கும்போது அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன், கண்ணீர்ப் படலம் வழியாக நேரே காற்றிலிருந்து கிடைத்துவிடுகிறது. ரத்தம் எட்டாத இடம் என்பதால், வேறொருவர் கருவிழியைப் பொருத்தினாலும் உடம்பு அவ்வளவு எளிதில் எதிர்ப்பதில்லை. சிறுநீரக மாற்று 1954-இல்தான் வெற்றி பெற்றது. கருவிழி மாற்றோ 1905-லேயே!

● மேகமில்லாத நீல வானத்தை, சூரியன் பக்கம் திரும்பாமல், சற்று நேரம் உற்றுப் பாருங்கள். பளிச்சென்ற சிறு புள்ளிகள் புழுப்போல் நெளிந்து ஓடும். விழித்திரையின் நுண்குழாய்களில் போகும் உங்கள் சொந்த வெள்ளணுக்களின் தடம்தான் அது! சிவப்பணு நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளணு விட்டுவிடும். நாடி துடிக்கத் துடிக்கப் புள்ளிகளின் வேகமும் ஏறி இறங்கும். பார்வை பதியும் நட்டநடுவில் மட்டும் எதுவும் ஓடாது. கூர்மையான பார்வை தரும் அந்த இடத்தில், சுமார் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ரத்தக் குழாய்கள் இல்லை.

● ஒளியை உணரும் செல்களுக்கு, பின்னால் இருக்கும் கோராய்டு படலம் ரத்தம் தருகிறது. கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு அதற்குத்தான். விழித்திரையின் உள் அடுக்குகளுக்கோ, பார்வை நரம்பின் நடுவே நுழைந்து வரும் ஒரே ஒரு மெல்லிய தமனி. அது அடைபட்டால் மாற்று வழி கிடையாது (சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் ஒரு சின்னக் கிளை, மையப் பார்வையை மட்டும் காப்பாற்றும்). கண் மருத்துவர் சோகன் சிங் ஹைரே குரங்குகளிடம் செய்த ஆய்வில், விழித்திரை 97 நிமிட அடைப்பைத் தாங்கியது. 240 நிமிடத்தில் பெரும் சேதம். இந்த அடைப்பில் வலியே இருக்காது என்பதுதான் கொடுமை. ஒரு கண் திடீரென இருண்டால், ராத்திரி எந்நேரமானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

● விழித்திரையில் ரத்தக் குழாய்கள் ஓரம்வரை படர்ந்து முடிவது பிரசவ நாள் நெருங்கும்போதுதான். குறைமாதக் குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கும். பிறகு தாறுமாறாகக் குழாய்கள் முளைத்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். அதனால்தான் பிறந்த 30 நாளுக்குள், மிகவும் முன்கூட்டிப் பிறந்திருந்தால் இன்னும் சீக்கிரமாக, விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.