கொல்லைக்கு எவ்வளவு மண் வேண்டும்?

புது வீடு கட்டிக் குடியேறியதும் நம் இல்லங்களில் எழுகின்ற ஆசைகளுள் ஒன்று, ஒரு சிறு தோட்டம். சமையலுக்குப் புதினாவும் கொத்துமல்லியும், பிள்ளைகளின் கைகளுக்கு மருதாணியும், பந்தலில் மல்லிகையும், முற்றத்தில் கொஞ்சம் புல்வெளியும் அமைந்துவிட்டால் வீட்டிற்கே தனி அழகு வந்துவிடும். ஆனால், தோட்டம் என்றதும் நம்மில் பலர் முதலில் செய்வது, "இரண்டு லோடு மண் அடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவதுதான். ஏன் இரண்டு என்று யாரும் கேட்பதில்லை. வந்த மண் போதாமல் மீண்டும் வண்டிக்கு அலைவோரும் உண்டு. மிஞ்சிய மண் வாசலில் குவிந்து கிடந்து, மழையில் கரைந்து, தெருச் சாக்கடையை அடைத்துக்கொள்ளப் பார்த்து நிற்போரும் உண்டு.

விருந்துக்கு எத்தனை படி அரிசி என்பதை ஆட்களை எண்ணிக் கணக்கிடுகின்ற நாம், மண்ணுக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்ப்பதில்லை?

முதலில் நம் மண்ணை அறிவோம்

கடலூர் மாவட்டத்தில் ஒரே மண் எங்கும் இல்லை. கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற கரையோரப் பகுதிகளில் மணற்பாங்கு மிகுதி. ஊற்றுகின்ற நீர் நிற்பதில்லை. கேப்பர் மலைப் பக்கம் செம்மண். சிதம்பரத்தைச் சுற்றி, வெள்ளாறும் கொள்ளிடமும் படியவைத்த களிமண். மழையில் குழைந்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்.

ஆகவே, வண்டியை அழைக்கும் முன்னர் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் பாதியளவு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் இட்டு, நன்றாகக் குலுக்கி, ஓரிரவு அசையாமல் வையுங்கள். அடியில் மணலும், அதன்மேல் வண்டலும், அதற்கும் மேல் களியும் படிந்திருக்கும். மூன்றும் ஓரளவு கலந்திருந்தால் உங்கள் மண் நல்ல மண். வெளிமண் தேவையே இல்லை. மணல் மிகுந்தால் வண்டலும் மக்கிய எருவும், களி மிகுந்தால் மணலும் எருவும் கலந்தால் போதும்.

கணக்கு மிக எளிது

நீளத்தை அகலத்தால் பெருக்கி, வரும் தொகையை ஆழத்தால் பெருக்கினால் கன அடி கிடைக்கும். மூன்றும் அடியில் இருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. ஆழத்தை அங்குலத்தில் எடுத்தால் அதை 12ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். காய்கறிப் பாத்திக்கு 9 அங்குலமும், புல்வெளிக்கு 4 முதல் 6 அங்குலமும் பொதுவாகப் போதுமானவை.

முப்பது அடி நீளமும் இருபது அடி அகலமும் உள்ள ஒரு கொல்லையை எடுத்துக்கொள்வோம். அதில் 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பாத்திகள் ஐந்து. மொத்தப் பரப்பு 150 சதுர அடி. 9 அங்குலம், அதாவது முக்கால் அடி ஆழத்திற்கு 112½ கன அடி. புல்வெளி 20 அடிக்கு 12 அடி. 4 அங்குல ஆழத்திற்கு 80 கன அடி. எலுமிச்சை, கறிவேப்பிலை, முருங்கை ஆகியவற்றுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடியாக மூன்று குழிகள். குழிக்கு 8 கன அடி வீதம் 24. தோண்டிய மேல்மண்ணைப் பாதியளவு திரும்ப இட்டால் வெளியிலிருந்து வேண்டியது 12. ஆக மொத்தம் 204½ கன அடி.

புதிதாகக் கொட்டிய மண் நீர் பட்டதும் அமுங்கும். அதற்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய 245 கன அடி. இதில் கால் பங்கு, அதாவது 60 கன அடி, மக்கிய தொழு உரமாக இருக்கலாம். மீதி 185 கன அடிதான் மண்.

இது, பழைய மண் எதற்கும் உதவாது என்னும் நிலைக்குரிய கணக்கு. மண் ஓரளவு நன்றாக இருந்தாலோ, பாத்திகளில் 2 அங்குலமும் புல்வெளியில் 1 அங்குலமும் எருவைப் பரப்பிக் கொத்திவிட்டால் போதும். அதற்கு 25உம் 20உமாக 45 கன அடி. 245 எங்கே, 45 எங்கே! பாட்டில் சோதனையின் பயன் இதுவே.

வண்டியையும் அளக்க வேண்டும்

நம் பகுதியில் மண் விற்பனை 'யூனிட்' கணக்கில் நடக்கிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிராக்டர் டிரெய்லரின் உட்புறம் 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் அது கொள்வது 90 கன அடி. நடுவில் குவித்து ஓரங்களில் சரித்திருந்தால், மட்டம் செய்தே அளவைப் பார்க்க வேண்டும். அளவையில் குறை செய்யலாகாது என்பது விற்பவருக்கு மட்டும் உரிய நெறியன்று. அளந்து கேட்டு வாங்குவது வாங்குபவரின் கடமையுமாகும்.

மண் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். மண் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி தேவை. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஒருவரின் விளைநிலத்தைச் சுரண்டி நம் புல்வெளியை அழகுபடுத்துவது நன்றன்று. கட்டட இடிபாடுகள் கலந்த மண்ணையும், கோரைக் கிழங்கு மண்டிய வண்டலையும் திருப்பி அனுப்பிவிடுவதே நலம்.

உப்பு மண்ணை மூடினால் தீராது

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையோரத்தில் ஏறியபோது, கடல்நீர் புகுந்த நிலங்கள் உவர்ப்பேறின. உப்பு மண்ணின்மேல் நல்ல மண்ணைப் பரப்பிவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. வெயிலில் மேல்நீர் ஆவியாகும்போது அடியிலுள்ள உப்பு நீரோடு மேலேறி வந்துவிடும். முதலில் நீர் வடிய வழி செய்து, மழைநீரால் உப்பைக் கழுவிவிட வேண்டும்; பிறகு தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழலாம். ஜிப்சம் இடுவதென்றால் மண்ணைப் பரிசோதித்த பின்னரே இட வேண்டும். கடலூரிலுள்ள வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் இதற்கு வசதியுண்டு.

அண்டை வீட்டாரை மறவாதீர்

இறுதியாக, பணத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று. நம் மாவட்டத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் வெள்ளத்தில் தத்தளித்ததை நாம் மறந்திருக்க முடியாது. கணக்கின்றி மண்ணடித்து நம் கொல்லையை உயர்த்திவிட்டால், அங்கே நின்ற நீர் அடுத்த வீட்டின் அடுப்படிக்குப் போகும். நம் வீட்டுச் சுவரிலும் அடித்தளத்திற்கு மேல் மண் அணைந்தால் ஈரம் ஏறும். பழைய மா, பலா மரங்களின் அடியை மண்ணால் மூடினால் வேர்கள் மூச்சின்றிப் பட்டுப்போகும். ஆகையால், மண் கொட்டும் முன்னர் மழைநீர் எப்பக்கம் வடிகிறது என்பதைக் கவனித்து, அந்த வழியைத் திறந்தே வையுங்கள்.

நம் தோட்டத்தின் பசுமை அண்டை வீட்டாரின் கண்ணீரில் விளையலாகாது. ஓர் அளவுநாடா, ஒரு பாட்டில், ஒரு துண்டுக் காகிதம் இவை மூன்றும் போதும். அளந்து வாங்குங்கள், வேண்டிய அளவே வாங்குங்கள். வீண்விரயமும் இல்லை, பிறருக்குத் தொல்லையும் இல்லை. இன்ஷா அல்லாஹ், அடுத்த பெருநாளுக்கு உங்கள் வீட்டுப் புதினாவே சமையலில் மணக்கட்டும்.